வரிக் கணக்காளர் அலுவலகமும் மென்பொருள் தேர்வும்

வரி செலுத்துவோரின் எண்ணிக்கையை விரிவுபடுத்துவதற்காக அரசு அண்மைக் காலத்தில் எடுத்த நடவடிக்கைகள் பற்றி அதிகம் பேசப்பட்டுள்ளது. ஆனால் அவற்றினால் வரிக் கணக்காளரின் மேசையில் குவிந்த வேலைப் பளு பற்றிப் பேசியவர் சிலரே. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டுப் புரள்வின் எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைந்தது. 18 வயது நிரம்பியோர் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்ற விதியும் அவ்வாண்டிலேயே வந்தது. படுவான்கரையின் அரிசி ஆலை உரிமையாளரும், காத்தான்குடியின் புடைவை வணிகரும், வாழைச்சேனையின் மீன் மொத்த வியாபாரியும் இன்று கணக்காளரை நம்பியே இருக்கின்றனர்.

இந்நிலையில் அலுவலக நிர்வாக மென்பொருள் ஒன்றை வாங்குவது பற்றி மட்டக்களப்பின் கணக்காளர்களும் சிந்திக்க வேண்டிய காலம் வந்துள்ளது. டாலி, குவிக்புக்ஸ் போன்றவை வாடிக்கையாளரின் வரவு செலவைப் பதிபவை. நாம் இங்கு குறிப்பிடுவது அவற்றையன்று. யாருடைய விபரத்திரட்டு எந்தத் திகதிக்கு உரியது, அது எந்த உதவியாளரின் கையில் உள்ளது, எந்த ஆவணம் இன்னும் வரவில்லை, கட்டணம் செலுத்தப்பட்டதா என்பவற்றைக் கணக்காளரின் சொந்த அலுவலகத்திற்காகக் கண்காணிப்பதே அலுவலக நிர்வாக மென்பொருளின் பணியாகும்.

இதன் தேவையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிகின்றது. தவணைக் கொடுப்பனவுகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்கும், எஞ்சிய வரி செப்டெம்பர் 30க்கும், விபரத்திரட்டு நவம்பர் 30க்கும் உரியன. பெறுமதி சேர் வரியும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் செலுத்தப்பட வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கும் முற்பண வருமான வரி 15ஆம் திகதிக்குரியது. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் மாத முடிவிற்குரியன. இவை அனைத்திற்கும் பொறுப்பான ஒரு வணிகருக்கு ஆண்டில் 60இற்கு மேற்பட்ட கடமைகள் உண்டு. அத்தகைய 40 வாடிக்கையாளர்கள் உள்ள அலுவலகத்தில் அது 2,400ஐத் தாண்டுகின்றது. இவற்றுள் ஒன்று தவறினாலும் தண்டப்பணமும் வட்டியும் வாடிக்கையாளரின் மீதே விழுகின்றன.

சந்தையிலுள்ள மென்பொருட்கள் பல. கணினித் திரையில் விற்பனையாளர் செய்து காட்டும்போது அவை யாவும் அழகாகவே தோன்றும். ஆயின் எமது பிரதேசத்தில் மென்பொருளை அளக்க வேண்டிய நாள் அதுவன்று. விபரத்திரட்டுக்கான இறுதித் திகதி வடகீழ்ப் பருவமழையின் நடுவே வருகின்றது. மட்டக்களப்பை நிலைகுலையச் செய்த 1978ஆம் ஆண்டுச் சூறாவளி நவம்பர் 23ஆம் திகதியே வீசியது. 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கிழக்குக் கரையூடாக நாட்டினுள் புகுந்தபோது இறுதித் திகதிக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. ஆகவே, ஆண்டின் மிக மோசமான அந்த வாரத்தில் மென்பொருள் எமக்கு உதவுமா என்பதே தேர்வின் அடிப்படைக் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

அதிலிருந்து பிற கேள்விகள் பிறக்கின்றன. முதலாவது, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதாகும். இன்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை முகில் கணிமை முறையில், தொலைவிலுள்ள வழங்கிக் கணினியில் இயங்குபவை. அலுவலகத்துள் வெள்ளம் புகுந்தாலும் கோப்புகள் நனையா என்பது அவற்றின் பெரும் நன்மை. ஆனால் மின்சாரமும் இணையமும் இன்றி அவற்றைத் திறக்க இயலாது. ஆதலால் வாடிக்கையாளர் பட்டியலையும் திகதிகளையும் கணினியிலேயே பிரதி எடுத்து வைக்க இடந்தரும் மென்பொருளையே தெரிதல் நன்று. நவம்பர் முதல் வாரத்தில் அப்பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வைப்பதும் வெட்கப்பட வேண்டிய செயலன்று.

இரண்டாவது, காப்புப் பிரதி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் கணினித் தொகுதி மீது நடந்த பணம் பறிக்கும் இணையத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாதவாறு அழிந்தன. அக்காலப் பகுதிக்குரிய பிரதி, இணையத்துடன் தொடர்பற்ற வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கவில்லை. அரசிற்கே நேர்ந்தது தனியார் அலுவலகத்திற்கு நேராது என எண்ணுதல் தவறாகும். 2019 மே மாதத்தில் உலகப் புகழ் பெற்ற வோல்ட்டர்ஸ் குளூவர் நிறுவனத்தின் வரி மென்பொருள் தீநிரல் தாக்குதலால் பல நாட்கள் முடங்கியதும், அமெரிக்கக் கணக்காளர்கள் மே 15 இறுதித் திகதியை எதிர்நோக்கித் தவித்ததும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

மூன்றாவது, வெளியேறும் வழி. 2024 டிசெம்பர் 27ஆம் திகதி வட அமெரிக்காவின் பெஞ்ச் என்னும் கணக்குப் பதிவு நிறுவனம் முன்னறிவித்தலின்றித் தன் சேவையை நிறுத்தியது. சில நாட்களில் வேறொரு நிறுவனம் அதை வாங்கியதாயினும், ஆண்டின் இறுதி வாரத்தில் வாடிக்கையாளர்கள் தம் கணக்குகளின் கதி அறியாது திகைத்தனர். எனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், எமது தரவுகள் முழுவதையும் எக்செல் போன்ற பொதுவான வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதுடன் நில்லாது, செய்து காட்டுமாறும் கோர வேண்டும்.

நான்காவது, விலை. டக்ஸ்டோம், கார்பன் போன்ற வெளிநாட்டு மென்பொருட்கள் பயனர் ஒருவருக்கு இவ்வளவு எனச் சந்தாவாகக் கட்டணம் அறவிடுகின்றன. 2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. டொலரில் கட்டணம் செலுத்தி, ரூபாவில் வருமானம் பெறுபவர் அந்த அனுபவத்தை மறத்தலாகாது. மேலும், அம்மென்பொருட்கள் பிறநாட்டு வரி நாட்காட்டியை மனத்திற்கொண்டு எழுந்தவை. அவை எமது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மின்சேவையுடன் தாமாகவே இணையும் என எதிர்பார்த்தல் கூடாது. எமது திகதிகளை நாமே பதிந்து, ஆண்டுதோறும் மாற்ற இயலுமாயின் அதுவே போதுமானது.

ஐந்தாவது, பெயர்கள். முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவர். தமிழ்ப் பெயர்களின் முதலெழுத்துகளும் ஆவணத்திற்கு ஆவணம் இடம் மாறும். 2016இல் 12 இலக்க அடையாள அட்டை வந்தபின் ஒருவருக்கே பழைய எண்ணும் புதிய எண்ணும் வெவ்வேறு ஆவணங்களில் காணப்படுகின்றன. ஆகையால் கோப்பினை வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைக் கொண்டு தேடவும், தமிழில் குறிப்பெழுதவும் வசதி இருத்தல் அவசியமாகும்.

இறுதியாக, இரகசியம். வாடிக்கையாளரின் மின்சேவைக் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி மேசையில் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதை மென்பொருள் பதிந்து காட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட நாட்டில் இது வெறும் நல்லொழுக்கமாக மட்டும் கருதப்படக் கூடியதன்று.

எல்லா அலுவலகங்களுக்கும் மென்பொருள் தேவை என்று நாம் வாதிடவில்லை. ஒருவரே இருந்து இருபது கோப்புகளைப் பார்க்கும் அலுவலகத்திற்கு ஒழுங்காகப் பேணப்பட்ட எக்செல் அட்டவணையே போதும். கோப்பு மூவர், நால்வர் கைமாறத் தொடங்கும்போதே அது போதாமற் போகின்றது. அப்போதும், முதலில் தம் கடமைகளையும் அவற்றிற்குப் பொறுப்பானவர்களையும் தாளில் எழுதிப் பார்த்து, பத்து வாடிக்கையாளரின் கோப்புகளை மட்டும் இரண்டு மாதங்கள் புதிய மென்பொருளில் நடத்திப் பார்த்தல் வேண்டும். அச்சோதனையை வைகாசி, ஆனி மாதங்களில் செய்தல் சாலச் சிறந்தது. கார்த்திகை மழையில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கோப்புடன் வரும் வாடிக்கையாளரிடம், புதிய மென்பொருளை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லும் நிலை எந்தக் கணக்காளருக்கும் ஏற்படலாகாது.