சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். உள்ளூர்க்காரர் அப்படி வரக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அவர் விடவில்லை. வழக்கு பாரிஸ் வரை போனது. பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்த ழூல் கொதேன் அங்கே அவருக்காக நின்றார். பிரான்சின் உச்ச முறையீட்டு மன்றம் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறப்பைக் காட்டி வேலையிடத்தில் தாழ்த்தியதை எதிர்த்து, பிரெஞ்சுக்காரர்களின் சட்டத்தை வைத்தே புதுச்சேரித் தமிழர் ஒருவர் வென்ற கதை இது.

பிள்ளைக்கு இருந்த ஒரு வசதி இன்று யாருக்கும் இல்லை. அவரைத் தடுத்தவர்கள் நீதிமன்றத்தில், எல்லோர் முன்னாலும், உத்தரவாகவே தடுத்தார்கள். சாட்சியம் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. இன்றைய முதலாளி அப்படி மாட்டிக்கொள்வாரா? “நீ கறுப்பு, அதனால் பதவி உயர்வு இல்லை” என்று யாரும் கடிதம் கொடுப்பதில்லை. “உச்சரிப்பு சரியில்லை”, “மற்றவர்களோடு ஒட்டமாட்டேன் என்கிறாய்”, “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று மூன்று வாக்கியங்களில் காரியம் முடிந்துவிடும்.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் வந்து தீர்த்தவாரி காணும் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? வலையையும் படகையும் விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்தக் கடற்கரைக் குப்பங்களிலும் இருக்கிறார்கள். நகரத்துக்குள் பார்த்தால், 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், சொல்தா எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர்களின் வீடுகள், அவர்களோடு பெண் கொடுத்து எடுத்தவர்கள் என்று பிரான்சில் வேலை செய்யும் உறவு நிறையப் பேருக்கு உண்டு. சமையற்கட்டிலும் கிடங்கிலும் துப்புரவுப் பணியிலும் கணினி முன்னாலும் இருக்கும் அவர்களுக்குச் சட்டம் தெரிவதில்லை. தெரிந்தவர்களிடம் காகிதம் இருப்பதில்லை.

முதலில் சட்டம். பிரான்சின் தொழிலாளர் சட்டம் பூர்வீகம், இனம், தேசியம், தோற்றம், குடும்பப் பெயர், குடியிருக்கும் இடம் போன்ற காரணங்களுக்காக வேலையில் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். எல்லாவற்றையும் தொழிலாளியே நிரூபித்துத் தீர வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மை அப்படியில்லை. புருதோம் என்ற தொழிலாளர் நீதிமன்றத்தில் வேறுபாடு நடந்திருக்கலாம் என்று எண்ணவைக்கும் விவரங்களை நீங்கள் முன்வைத்தால் போதும். அதன்பிறகு, தன் முடிவுக்கும் உங்கள் நிறத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. குற்றவியல் வழக்கு வேறு. அதில் மூன்றாண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. முழு நிரூபணமும் வேண்டும். ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் புருதோம்தான் நடைமுறை வழி.

அந்த விவரங்கள் எங்கிருந்து வரும்? ஒரு நோட்டிலிருந்து. தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும்படி தைத்த நோட்டாக இருக்கட்டும். நடந்ததை அன்று இரவே எழுதுங்கள். “இன்றும் ஷெஃப் அவமானப்படுத்தினார்” என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. “மார்ச் 4, செவ்வாய், காலை 7.40, பாத்திரம் கழுவும் இடம், ஷெஃப் இந்த வார்த்தையைச் சொன்னார், இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள், அவர்கள் பெயர் இது, நான் பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தேன்” என்று எழுதுங்கள். வசவைப் பிரெஞ்சில் சொன்னால் பிரெஞ்சிலேயே, காதில் விழுந்தபடி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். தவறாக எழுதியதை ஒரே கோடாக அடியுங்கள், மை பூசி மறைக்காதீர்கள். நீங்கள் தாமதமாகப் போன நாளையும் எழுதி வையுங்கள். அதை எதிர்த்தரப்பு எப்படியும் கொண்டுவரும். உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருந்தால் நோட்டின் நம்பகம் கூடும்.

நோட்டைக் கம்பெனி அலமாரியில் வைக்காதீர்கள். கம்பெனி கொடுத்த போனிலோ மின்னஞ்சலிலோ எதையும் சேமிக்காதீர்கள். வேலையை விட்டு நீக்கினால் முதலில் மூடப்படுவது அந்தக் கணக்குதான்.

பேச்சாக நடந்ததை எழுத்தாக மாற்றும் வழி ஒன்றுண்டு. மேலாளர் தனியே கூப்பிட்டு ஏதாவது சொன்னால், அன்றே அவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று பதவி உயர்வு பற்றிப் பேசினோம். எனக்கு இல்லை என்றீர்கள். காரணமாக இதைச் சொன்னீர்கள். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தெரிவியுங்கள்.” அவர் மறுத்து எழுதினால் காரணம் எழுத்தில் கிடைத்துவிடும். பேசாமல் இருந்தால் அதுவும் பதிவுதான். எச்சரிக்கைக் கடிதம் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள். மரியாதை கருதி வாய்மூடி இருப்பது நம் பழக்கம். அங்கே அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள்.

இனி காகிதம். என் பார்வையில் வசவுச் சொல்லைவிட வலுவான சாட்சியம் சம்பளச் சீட்டு. வசவை “வேடிக்கையாகச் சொன்னேன்” என்று தட்டிக்கழிக்கலாம். உங்களோடு ஒரே வருடம், ஒரே படிப்போடு, ஒரே வேலைக்குச் சேர்ந்தவர் பத்தாண்டில் இரண்டு படி ஏறியிருக்க, நீங்கள் சேர்ந்த இடத்திலேயே நிற்பதை வேடிக்கை என்று சொல்ல முடியாது. பிரான்சுவா கிளேர் என்ற பெழோ தொழிற்சங்கக்காரர் 1990களில் இந்த ஒப்பீட்டை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். சங்க உறுப்பினர்களின் சம்பளத்தையும், அவர்களோடு சேர்ந்த மற்றவர்களின் சம்பளத்தையும் வருடவாரியாக வரைபடத்தில் போட்டுக் காட்டினார். சங்கத்தில் இருந்ததற்காகப் பின்தள்ளப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய அந்த முறை பிறகு இனம், பாலின வழக்குகளுக்கும் பயன்பட்டது. இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் நஷ்டஈட்டின் அளவு.

பிரெஞ்சு ரயில்வேயில் வேலை செய்த மொரோக்கோக்காரர்களின் வழக்கு இதற்குப் பெரிய உதாரணம். 1970களில் ஒப்பந்தத்தில் அழைத்து வரப்பட்டு, தண்டவாளங்களுக்கு நடுவே பெட்டி கோத்த தொழிலாளர்கள் அவர்கள். பிரெஞ்சு ஊழியர்களுக்கு இருந்த அந்தஸ்து, பதவி உயர்வு, ஓய்வூதியம் எதுவும் இவர்களுக்குச் சரிசமமாகக் கிடைக்கவில்லை. நரை விழுந்த பிறகுதான் நீதிமன்றம் போனார்கள். 2015இல் புருதோமில் பெரும்பாலானவர்கள் வென்றார்கள். 2018 ஜனவரி 31இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 848 பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வருடாந்திர மதிப்பீடு, ஷிப்ட் அட்டவணை எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். சுவரில் ஒட்டும் அட்டவணையை மாதாமாதம் போட்டோ எடுங்கள். ஞாயிறும் இரவும் யார் பெயருக்கு எதிரில் வந்துகொண்டே இருக்கின்றன என்பதை அதுவே காட்டிவிடும். சக ஊழியர்களின் சம்பளச் சீட்டு உங்களிடம் இருக்காது, திருடவும் வேண்டாம். வழக்கு தொடங்கும் முன்பே, அவற்றைக் கொடுக்கும்படி முதலாளிக்கு உத்தரவிட நீதிபதியைக் கேட்க அங்கே சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களே எழுதிக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். 2023 டிசம்பர் 22இல் பிரான்சின் உச்ச முறையீட்டு மன்றம், முறைகேடாக எடுத்த பதிவு என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது என்றது. உரிமையை நிலைநாட்ட அது இல்லாமல் முடியாது, அடுத்தவரின் அந்தரங்கத்தில் செய்த தலையீடும் அளவோடுதான் இருக்கிறது என்றால் நீதிபதி ஏற்கலாம். ஆனால் சம்மதமில்லாமல் தனிப்பட்ட பேச்சைப் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தில் குற்றமாகவே நீடிக்கிறது. வேறு வழியே இல்லாதபோது, வழக்கறிஞரைக் கேட்ட பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது. சட்டைப்பையில் போனை ஓடவிட்டபடியே தினமும் வேலைக்குப் போகாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வந்த கேலிப்படம் வேறு விஷயம். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் எண்ணும் தேதியும் முன்பின் பேச்சும் தெரிய வேண்டும். வெட்டி எடுத்த துண்டுப்படத்தை எதிர்த்தரப்பு ஒரு நிமிடத்தில் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். புது போன் வாங்கினாலும் பழையதை விற்காதீர்கள்.

சாட்சி சொல்ல முன்வருபவர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அவர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். தேதி, கையெழுத்து, அடையாள அட்டை நகல், உங்களோடு அவருக்குள்ள உறவு, நீதிமன்றத்துக்காக எழுதுவதும் பொய் சொன்னால் தண்டனை உண்டென்பதும் தெரியும் என்ற வரி, இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். சாட்சி சொன்னதற்காக அவரைத் தண்டிக்கவும் சட்டம் தடை போடுகிறது. ஆனாலும் பயப்படுவார்கள். வேலையை விட்டுப் போன பழைய ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பயம் குறைவு.

உதவிக்கு 39 28 என்ற எண் இருக்கிறது. உரிமைப் பாதுகாவலர் என்ற அரசமைப்பு நிறுவனம் 2021இல் தொடங்கிய சேவை அது. கட்டணம் இல்லை. அந்த நிறுவனத்தால் முதலாளியிடம் ஆவணம் கேட்டு விசாரிக்க முடியும். தொழிற்சங்கத்தையும் தொழில் ஆய்வாளரையும் அணுகலாம். தூக்கம் கெட்டு உடம்பு தளர்ந்தால் மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். சமரசப் பத்திரம் எதையும் யாரிடமும் காட்டாமல் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அவசரம் அதிகம். அங்கே வழக்குத் தொடர இதுவரை உள்ள காலக்கெடு சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதை நீட்டும் ஏற்பாடு நடந்தாலும் இந்தக் கணக்கையே மனதில் வைத்து, ஏகாஸ் என்ற சமரச அமைப்புக்குப் போய்விடுங்கள். பிரான்சில் வேறுபாடு தெரியவந்த நாளிலிருந்து ஐந்தாண்டு. வென்றால் நஷ்டஈடு பாதிப்பு நீடித்த முழுக்காலத்துக்கும் உண்டு.

சொந்த ஊர் நிலைமையையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியாவில் அரசு வேலைக்கு அரசமைப்பின் 16ஆம் பிரிவு இருக்கிறது. சாதிக் கொடுமைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் வரவேற்பு மேசைக்கு நிறமான பெண்தான் வேண்டும் என்று ஒரு தனியார் விடுதி தீர்மானித்தால், அதை நேராகப் பிடிக்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. வெட்கப்பட வேண்டிய ஓட்டை இது. இருந்தாலும் விளம்பரத்தையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு நகலோடு சான்றிதழும் தர வேண்டும். மூல போன் கையில் இருந்தால் அது எளிது.

கடைசியாக, இங்கே வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும். வேலை முடிந்து அறைக்கு வந்து, “அம்மா, இன்னைக்கு என்னை இப்படிச் சொல்லிட்டாங்கம்மா” என்று பிள்ளை அனுப்பும் குரல்செய்தியில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கின்றன. உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சாக்கிக் கொடுத்தால், மற்ற ஆவணங்களோடு சேர்த்து நீதிமன்றத்தில் வைக்கலாம். அது மட்டுமே வழக்கை வென்று தராது. ஆனால் சம்பவம் நடந்த நாளிலேயே சொன்னது, வழக்குக்காகப் பிறகு ஜோடித்தது அல்ல என்று காட்டும். போனில் இடமில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, நோட்டு வாங்கினாயா என்று பிள்ளையைக் கேளுங்கள்.