வெளியே ஓடும் இரத்தமும் விரியன் கடித்த உழவனும்

‘எக்மோ’ என்றொரு சொல் 2016 டிசம்பர் 4ஆம் தேதி இரவு தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் இருதயம் திடீரென நின்றுவிட்டது, சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது; மறுநாள் இரவு அவர் மறைந்தார். 2020-ல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் கொரோனாவில் படுத்தபோது அதே சொல் வாரக்கணக்கில் பத்திரிகைகளில் அடிபட்டது. செப்டம்பர் 25-ல் அவரும் போய்விட்டார். ஆகவே, உடலுக்கு வெளியே இரத்தத்தை ஓடவிடும் வைத்தியம் என்றாலே அது பெரிய மனிதர்களுக்கு, பெரிய பட்டணத்தில், கடைசி நாழிகையில் செய்யப்படுவது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது.

அந்த எண்ணத்தை மறுக்கவே இதை எழுதுகிறோம். பென்னாகரத்து உழவனுக்கும் அந்த வைத்தியம் உரியது. சொல்லப்போனால் அவனுக்குத்தான் அதிகம் உரியது. ஏனெனில் அவன் கால் வைக்கிற இடத்தில் கண்ணாடி விரியன் படுத்திருக்கிறது.

கேழ்வரகுக் கொல்லை, நிலக்கடலை, மரவள்ளி, வேலியோரம் கற்குவியல், அதைத் தாண்டினால் காடு - விரியனுக்கு இவை எல்லாமே வீடு. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனும், விறகு பொறுக்கப் போகிறவளும் செருப்பில்லாத காலோடு போகிறார்கள். கடி அங்கேதான் விழுகிறது.

விரியன் விஷம் செய்கிற வேலை விசித்திரமானது. இரத்தத்தை உறையவைக்க உடல் சேர்த்துவைத்திருக்கும் சரக்கையெல்லாம் ஒரேயடியாகக் கிளப்பிவிட்டுச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. பிறகு கஜானா காலி. ஈறில் கசியும், சிறுநீரில் கசியும், நிற்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் தண்ணீராக ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. முதலில் சுமார் பத்துக் குப்பி. ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் குழாய்ச் சோதனை. பாம்பு பெரியவரைக் கடித்தாலும் குழந்தையைக் கடித்தாலும் இறக்குகிற விஷம் ஒன்றுதான். ஆகவே குழந்தைக்கும் அதே அளவு மருந்து. “சின்ன உடம்பாச்சே” என்று குறைப்பது கூடாது.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கைச் சேகரித்துத் தருவது யார் தெரியுமா? செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான். ஏழை பிடித்துக் கொடுத்த விஷம், இன்னொரு ஏழையின் உயிர்மருந்தாக ஊர் திரும்புகிறது!

மருந்து தாமதமானால் அடுத்த அடி சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. இரண்டொரு நாளில் சிறுநீர் குறைகிறது, நின்றே போகிறது. முகம் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது. அப்போதுதான் டயாலிசிஸ். ஒரு குழாய் வழியே இரத்தத்தை வெளியே இழுத்து, மெல்லிய சல்லடை இழைகளின் ஊடே ஓடவிட்டு, மறு குழாய் வழியே திருப்பி அனுப்புகிறார்கள். நிமிஷத்திற்கு 300 மில்லி அளவில் நாலு மணி நேரம் ஓடுகிறது என்றால், ஐந்து லிட்டர் இரத்தமே திரும்பத் திரும்ப வெளியே போய் உள்ளே வருகிறது என்று பொருள்.

“இரத்தத்தையே சுத்தம் செய்கிற மிஷின், விஷத்தையும் எடுத்துவிடாதா?” என்று கேட்பார்கள். எடுக்காது. விஷத்தின் புரதங்கள் அந்தச் சல்லடைக் கண்ணில் எளிதில் நுழைபவையல்ல. பெரும்பாலும் அவை உடலின் திசுக்களைப் பற்றிக்கொண்டும் விடுகின்றன. முறிவு மருந்து விஷத்துக்கு. டயாலிசிஸ், செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை ஏற்றுச் செய்வதற்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. டயாலிசிஸ் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவோம் என்று முறிவு மருந்து உள்ள பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது உயிரோடு விளையாடுவதாகும்.

இனி மருந்துக்கு வருவோம். உடலை விட்டு வெளியே வந்து பிளாஸ்டிக்கைத் தொட்ட கணமே உறையத் தொடங்குவது இரத்தத்தின் குணம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் ஆபெல் என்பவரும் கூட்டாளிகளும் 1913-ல் நாய்களுக்கு இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தபோது, உறையாமலிருக்க அட்டைப்பூச்சியின் தலையிலிருந்து சாறெடுத்துச் சேர்த்தார்கள். அதே கலாசாலையில் 1916-ல் மக்லீன் என்ற மாணவர் இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடப்போய், உறையாமல் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். அதுதான் ஹெப்பாரின். இன்று பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து எடுக்கிறார்கள். சென்னையின் எக்மோவானாலும், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1961-ல் நடந்த திறந்த இருதய அறுவையானாலும், ஜில்லா ஆஸ்பத்திரியின் டயாலிசிஸானாலும், வெளியே வந்த இரத்தத்தை ஓடவைப்பது இந்த மருந்துதான். இருதய அறுவை முடிந்ததும் அதன் வேகத்தை முறிக்கப் புரோட்டமின் என்ற மாற்று மருந்தும் கொடுக்கிறார்கள்.

ஆனால், விரியன் கடித்தவனுக்கு? அவன் இரத்தமே உறையாமல் கிடக்கிறது! அங்கே வழக்கம்போல் ஹெப்பாரினை ஏற்றினால் மூளையில் கசியும், குடலில் கசியும். ஆகவே அவனுக்கு ஹெப்பாரின் இல்லாத டயாலிசிஸ். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உப்பு நீரைச் செலுத்திக் குழாயையும் சல்லடையையும் கழுவ வேண்டும்; உள்ளே போன அந்த நீரையும் கணக்கில் எடுத்து வெளியேற்ற வேண்டும்; அழுத்தமானியின் முள் ஏறுகிறதா, இழைகள் கறுக்கின்றனவா என்று விழித்திருந்து பார்க்க வேண்டும். தவறினால் சல்லடை அடைபட்டு, அதிலிருந்த இரத்தம் அத்தனையும் வீண். ஏற்கெனவே கசிந்து வெளுத்தவனுக்கு அது சின்ன நஷ்டமல்ல. ஒரு நர்ஸ், நாலு மணி நேரம், அந்தக் கட்டிலை விட்டு நகராமல் இருந்தால்தான் இது நடக்கும். இயந்திரம் வாங்கியதைப் பற்றி மந்திரிமார் பேசுகிறார்கள், நாடா வெட்டுகிறார்கள், படமும் வருகிறது. இரவு முறையில் எத்தனை நர்சுகள், எத்தனை டெக்னீஷியன்கள் என்று நாம் கேட்கிறோம்.

மற்ற மருந்துகளும் அப்படித்தான். கடித்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தால் கிருமிக்கொல்லி ஊசி போடுகிறார்கள். அவற்றில் பல, நீரில் கரைபவை. காலையில் போட்டுவிட்டு உடனே டயாலிசிஸ் செய்தால் அழுக்கோடு மருந்தும் வடிந்து போய்விடும். அதனால் அத்தகைய ஊசியை டயாலிசிஸ் முடிந்தபின் போடுகிறார்கள். நாட்பட்ட நோயாளி இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் சிலருக்கு நடுவே அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். எதை எப்போது விழுங்குவது என்று டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். எக்மோவில் கதை வேறு: தூக்க மருந்துகளில் சில குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. கடைக்காரர் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் வலி மாத்திரை, அடிபட்ட சிறுநீரகத்திற்கு இன்னொரு கடி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பென்னாகரத்துக்கென்றே ஒரு சங்கதி உண்டு. தண்ணீர்! தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு, பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைத்த கதை ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்கிறார்கள். டயாலிசிஸ் நீரிலோ 0.2 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. காரணம், ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் தண்ணீர் அந்தச் சல்லடையின் மறுபுறம் ஓடுகிறது. அதிலுள்ளது நேரே இரத்தத்தில் ஏறும். சிகாகோவில் 1993-ல் ஒரு டயாலிசிஸ் கூடத்தில் நீரைச் சுத்திகரிக்கும் சாதனம் பழுதாகி, ஃபுளோரைடு ஏறி, 12 பேர் நோயுற்றார்கள். மூன்று பேர் மாண்டார்கள். சிகாகோவுக்கே அந்தக் கதி என்றால், ஃபுளோரைடு மண்ணில் கட்டில் போடுகிற இடத்தில் நீர்ச் சோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டைப் போலவே தவறாமல் எழுதப்பட வேண்டுமல்லவா?

பென்னாகரத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி சுமார் 30 கிலோமீட்டர். பட்டணத்தாருக்கு அது ஒரு மணி நேரம். மலைக் குடியிருப்பிலிருந்து தூளி கட்டித் தூக்கி வருகிறவர்களுக்கு அந்த 30 கிலோமீட்டர் தொடங்குவதற்கு முன்பே பாதி இரவு போய்விடுகிறது. வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி சேருமுன்னே இறந்தது. சாலையில்லாத மலைவழியில் தாய் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்தி நடந்தாள். நாடே பார்த்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1960-களின் தொடக்கத்தில், டயாலிசிஸ் யாருக்கு என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட கமிட்டி ஒன்று உட்கார்ந்தது. வருமானம் என்ன, குடும்பம் எப்படி என்று விசாரித்து உயிர் வழங்கியது. உலகம் அதைத் தூற்றியது. நம் மலையடிவாரத்தில் கமிட்டி கிடையாது. கடைசி பஸ் போய்விட்டதா இல்லையா என்பதே தீர்ப்பு. எந்தத் தூற்றலும் கேட்கவில்லை.

நடந்தவற்றை மறைக்கவும் நமக்கு அவசியமில்லை. 2009-ல் தொடங்கிய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வயிற்றின் வழியே செய்யும் டயாலிசிஸுக்கான பைகளை நிரந்தர நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதில் இரத்தம் வெளியே வருவதில்லை. 2024 நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. தெரிவித்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் பென்னாகரத்துக்கு எத்தனை குப்பி, எத்தனை கட்டில் என்று கேட்க ஆதாரம் கிடைக்கும். கேட்போம்.

ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். சர்க்கரை வியாதியில் தேய்ந்த சிறுநீரகம் திரும்புவதில்லை. விரியன் அடித்த சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஹாலந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தால் 1945-ல் பிழைத்த 67 வயது மூதாட்டியும், திடீரென நின்றுபோன சிறுநீரகத்தோடு வந்தவர்தான். அதனால், கடிபட்ட கூலியாளுக்குப் பல சமயம் தேவைப்படுவது ஆயுள் முழுதும் இயந்திரமல்ல. இரண்டு வாரமோ, ஆறு வாரமோ. ஒருநாள் காலையில் ஐம்பது மில்லி சிறுநீர் வரும். மறுநாள் இருநூறு. அளவு ஏற ஏற டயாலிசிஸின் இடைவெளியைக் கூட்டி, கடைசியில் ஊசியைக் கழற்றிவிடுவார்கள். அதுவரை கட்டிலுக்கடியில் அளவுக் குடுவையும், தலைமாட்டில் தாளும் பென்சிலும் இருக்க வேண்டும். கூட இருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அந்த அளவை எழுத நர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.