புதுச்சேரி: வாய்க்காலின் இரு கரையும்

புதுச்சேரிக்கு விடுமுறைப் பயணம் போக நினைப்பவர் விடுதிகளைத் தேடுவதற்கு முன் நகரின் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பழைய நகரம் கடலை ஒட்டி முட்டை வடிவில் அமைந்திருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் அதை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி, இன்று எல்லோர் வாயிலும் ‘ஒயிட் டவுன்’. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. சனி, ஞாயிறுகளில் வந்து போகிறவர்களில் பலர் கடல் பக்கத்து மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது ஊரின் பாதிதான். சாப்பாட்டிலும் கடைத்தெருவிலும் பாதிக்கும் குறைவு.

நேர்கோடாக ஓடும் இந்தத் தெருக்கள் பிரெஞ்சுக்காரர்களின் கைவேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674-இல் இங்கே கால் வைத்தது உண்மை. ஆனால் 1693-இல் ஊரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களே கட்டம் கட்டமான தெரு அமைப்புக்குத் திட்டம் வரைந்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் நகரத்தையும் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது பழைய தெருக்கோடுகளின் மேலேயே வீடுகள் எழுந்தன. அதனால் இங்கே பார்க்கக் கிடைக்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த இடிபாட்டுக்குப் பிற்பட்டவை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் சற்றே கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வரும் காலமும் அதுவே. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கின. ஏப்ரலுக்குப் பிறகு பகலில் தெருவில் நடப்பதே சிரமம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நடந்து பார்க்க ஏற்றவை. மாசி மகத்தன்று வந்தால் வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் உட்படப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து நிற்பதைக் காணலாம். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்த வழக்கப்படி இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ஜூலை 14-இல் பிரான்சின் தேசிய நாளும் இந்த ஊரில் கொண்டாடப்படுகிறது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பேருந்தில் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். தென்மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு விழுப்புரம் சந்திப்பு வசதி, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். முடிந்தவரை வாரநாளில் வருவது நல்லது. வெள்ளி மாலை முதல் சென்னை, பெங்களூரு வண்டிகளால் தெருக்கள் நிரம்பிவிடும், அறை வாடகையும் ஏறிவிடும். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் சுத்தமானவை, செலவும் குறைவு. ஆனால் அங்கே மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை, இரவில் வாயிற்கதவும் குறித்த நேரத்தில் மூடப்படும். ஊரின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறவர் தமிழர் பகுதியில் விடுதியாக மாற்றப்பட்ட பழைய முற்றத்து வீடுகளில் தங்கலாம்.

கடல் பக்கத்தை அதிகாலையில் நடந்தே பார்க்க வேண்டும். கூபேர் அவென்யூ எனப்படும் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலைவரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம் எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். இங்கே ஊரார் ‘மேரி’ என்று சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பழுது பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய பாடம் அது. கரையோரம் கருங்கற்களும் அலையுமாக இருப்பதால் இங்கே குளிக்க இறங்கக் கூடாது. குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் துய்மா வீதியில் 1855-இல் கட்டி முடிக்கப்பட்ட தேவதூதர்களின் அன்னை ஆலயம் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் இன்றும் திருப்பலி நடக்கும் கோயில் இது. சற்று வடக்கே பாரதி பூங்கா, அதன் நடுவில் வெண்ணிற ஆயி மண்டபம். ஊருக்குத் தண்ணீர் வரக் காரணமான குளத்துக்காகத் தன் மாளிகையை இழந்த ஆயி என்ற தாசியின் பெயரில் எழுந்த நினைவு மண்டபம் அது. பூங்காவை அடுத்துள்ள அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. சோழர் காலப் படிமங்களோடு அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் ரோமானிய மட்கலத் துண்டுகளும் அங்கே இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை. மணக்குள விநாயகர் கோயிலும் அரவிந்தர் ஆசிரமமும் அருகருகே இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் முடித்துக்கொள்ளலாம். அரவிந்தர் 1910-இல் இங்கே வந்து 1950-இல் மறையும்வரை இந்த ஊரிலேயே வாழ்ந்தார். ஆசிரமத்தில் சமாதியைச் சுற்றி முழு அமைதி காக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தெருவின் முகமே மாறுகிறது. கடல் பக்கத்து வீடுகளுக்கு உயர்ந்த மதில், மூடிய வாசல். இங்கேயோ வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வழிப்போக்கர் நிழலுக்கு ஒதுங்கத் தாழ்வாரம், உட்காரத் திண்ணை, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் வளைவுகளும் பலகணிகளும் கொண்ட பிரெஞ்சு முறையிலும் இருக்கும். இந்தக் கலப்பைப் பார்க்க வைசியாள் வீதியைப் போல வேறு இடம் இல்லை. அந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இலக்கியத்தில் பற்றுள்ளவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு முழு நாள் வேண்டும். பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே அடைக்கலமாக வாழ்ந்தார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு, கண்ணன் பாட்டு மூன்றும் அவருடைய புதுவை வாழ்க்கையில் பிறந்தவை. ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவகங்களாக உள்ளன. ரங்கப்பிள்ளை வீதியில், பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் சந்தை விலை முதல் அரண்மனைச் செய்திவரை இன்று நமக்குத் தெரிவது பெருமளவு அந்த நாட்குறிப்பால்தான். மிஷன் வீதியில் ஊரார் சம்பா கோயில் என்று அழைக்கும் பேராலயம், சுப்பையா சாலையில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுடன் 1907-இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆலயம், காந்தி வீதியில் வேதபுரீசுவரர் கோயில் என்று மூன்றையும் நடந்தே பார்க்கலாம். வேதபுரீசுவரரின் பழைய கோயில் 1748-இல் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது பிறகு கட்டியது.

நடைத் திட்டத்தில் நண்பகலைக் காலியாக விட வேண்டும். பன்னிரண்டு, ஒரு மணிக்கு மேல் கோயில் நடை சாத்திவிடுவார்கள். பழைய பழக்கப்படி நான்கு மணிவரை திறக்காத கடைகளும் உண்டு.

அந்த நேரம் சாப்பாட்டுக்கு உரியது. பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் பாகெத் ரொட்டியும் குரோசானும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. அவை காலைப் பலகாரத்துக்கு நன்றாகவே இருக்கும். ஊரில் நல்ல பேக்கரிகள் உண்டு. ஆனால் புதுச்சேரிக்கே உரிய சமையல் கிறித்தவக் குடும்பங்களின் அடுப்பில் உருவானது. பூண்டும் வினிகரும் சேர்ந்த பன்றி இறைச்சி விந்தாலு, மஞ்சளும் உள்ளூர் மீனும் சேர்ந்து நம் சுவைக்கு மாறிய பூயாபெஸ் என்னும் மீன் சூப், கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக் ஆகியவை அந்த வகை. இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசு வேலையும் படை வேலையும் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமியச் சமையலையும் கொண்டுவந்தன. அதனால்தான் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் சில புதுவை வீடுகளின் விருந்தில் வியட்நாமிய முறையில் பொரித்த உருட்டு அடைகளும் இடம்பெறுகின்றன. கடலோரத்து உணவகங்களில் இந்தப் பதார்த்தங்கள் எப்போதும் கிடைப்பதில்லை. தமிழர் பகுதியில் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் சிலர் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிறார்கள். தேடிப்போய்ச் சாப்பிடத் தகுந்த உணவு அது. சிக்கனமாகச் சாப்பிட நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் போதும். யான் மார்ட்டலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் வருவதும் அந்த இடம்தான்.

பொருள் வாங்குவதற்கு முதலில் போக வேண்டிய இடம் பெரிய மார்க்கெட் எனப்படும் கூபேர் மார்க்கெட். காலையில் பூவும் மீனும் மளிகையும் ஒரே கூரையின் கீழ். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து சேர்த்து வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகத்தை இங்கே வாங்கிப் போகலாம். பிரான்சின் பெரிய சமையற்காரர்கள் இன்று தங்கள் அடுப்பில் சேர்க்கும் ‘வடுவான்’ மசாலாவுக்கு மூலம் இதுதான். துணிக்கு நேரு வீதி. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் நடைபாதைச் சந்தை கூடும். விலை குறைவு, பேரமும் உண்டு. சர்தார் பட்டேல் சாலையில் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் நடக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் ஆவதை நேரில் பார்த்து அங்கேயே வாங்கலாம். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி 1971-இல் தொடங்கியதிலிருந்து புதுச்சேரி மட்பாண்டத்துக்கு நாடு முழுவதும் தனிப் பெயர் உண்டு. ஹைடிசைன் தோல் பை நிறுவனம் 1978-இல் பிறந்த ஊரும் இதுவே.

பயணிகள் அதிகம் அறியாதவை இரண்டு கிராமக் கைத்தொழில்கள். வில்லியனூர்ச் சுடுமண் சிற்பமும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. ஒயிட் டவுன் கடைகளில் விற்கும் வெளியூர் நினைவுப் பொருள்களுக்குக் கொடுக்கும் பணத்தில் வில்லியனூருக்குப் போய்க் குயவர் வீட்டு வாசலிலேயே ஒரு சிற்பம் வாங்கலாம். அருகிலேயே திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை ஆலயமும் உள்ளன.

மூன்றாவது நாள் இருந்தால் ஊருக்கு வெளியே போகலாம். தெற்கே அரியாங்குப்பத்தை அடுத்து அரிக்கமேடு. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்து, ரோமானிய வணிகத்தோடு தொடர்பு கொண்ட துறைமுகம் இங்கே இருந்ததை உலகுக்குக் காட்டினார். இன்று தோப்பும் ஆற்றங்கரையும் பழைய பாதிரியார் இல்லத்தின் செங்கல் சுவர்களும்தான் மிச்சம். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் இடத்தின் பெருமை புரியும். சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை அதற்குச் சற்று அப்பால். வடக்கே, 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கிய ஆரோவில். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்க அன்றே அனுமதிச் சீட்டு வாங்கலாம், உள்ளே அமர முன்பதிவு கட்டாயம்.

திரும்பும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒரு சட்டம்: புதுச்சேரியில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக்குள் எடுத்துச் செல்வது குற்றம், எல்லைச் சாவடிகளில் சோதனை உண்டு. இன்னொன்று, தமிழர் பகுதித் திண்ணைகளும் கடல் பக்கத்து வாசல்களும் குடும்பங்கள் வாழும் வீடுகளுடையவை. படம் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.