ஒரே பிலாட்டீஸ்... ஆளுக்கொரு பலன்!

ஓட்டப்பந்தய வீராங்கனை, நடனம் ஆடுபவர், விளையாட்டுப் பக்கமே போகாத இல்லத்தரசி. மூவரும் செய்வது ஒரே பிலாட்டீஸ்தான். பலன்தான் வேறு வேறு.

ஓடுபவர்களுக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். குனிந்து கால்விரலைத் தொடவே திணறுவார்கள். அவர்களுக்கு முதலில் கிடைப்பது நெகிழ்வு. நடனம் ஆடுபவருக்கோ அது ஏற்கெனவே தாராளம். வளைகிற மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் வலுதான் அவருக்குத் தேவை. ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தியபோது, அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்ததும் அதற்குத்தான். இந்தப் பயிற்சிக்கு அவர் வைத்த பெயரே 'கன்ட்ராலஜி'.

எந்தப் பயிற்சியும் செய்யாதவருக்குத்தான் வித்தியாசம் சீக்கிரம் தெரியும். வயிறு, இடுப்பு, முதுகின் உள்தசைகள் வலுவாக, தடுமாற்றம் குறையும். இது சின்ன விஷயமில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலியும். குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியலாம்.

உங்கள் பேலன்ஸ் எப்படி? சமையல் மேடைக்குப் பக்கத்திலேயே, ஒற்றைக் காலில் 10 விநாடி நின்று பாருங்கள். தடுமாறினால், பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு ஆரம்பிக்கலாம். மெஷின் வேண்டாம், ஒரு பாய் போதும். ஆனால், ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்பு மெலிவு இருப்பவர்கள், முதுகை வளைத்துக் குனியும் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.