ஆயா பேசினால் என்ன?

என் பேத்திக்கு ஒன்றரை வயதானபோது, மகளும் மருமகனும் பணிக்குச் செல்லும் பகல் பொழுதுக்காக ஒரு பெண்மணியை அமர்த்தினோம். அவருக்கு நாங்கள் இட்ட கட்டளைகள் மூன்று: நேரத்துக்கு ஊட்ட வேண்டும், உறங்க வைக்க வேண்டும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையுடன் பேச வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

இரு மாதங்கள் கழிந்த பிறகே அவர் குழந்தையிடம் அதிகம் பேசுவதில்லை என்பதைக் கவனித்தேன். காரணம் கேட்டபோது, "என் பேச்சு பாப்பாவுக்கு ஒட்டிக்கிட்டா அம்மா கோவிச்சுக்குவாங்கன்னு இருந்துட்டேங்க ஐயா" என்றார். அந்த மாதம்தான் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கென ஒரு வகுப்பில் சேர்த்திருந்தோம். அங்கு ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் செலுத்திய கட்டணம், இவருடைய ஒரு நாள் ஊதியத்தைவிட அதிகம். பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த நான், என் வீட்டில் முதலீட்டைத் தவறான இடத்தில் செய்திருந்தேன்.

இளங்குழந்தைகளுக்கான செலவை முதலீடாகக் காணும் பார்வை புதிதன்று. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் இதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். ஆயினும், அந்த முதலீட்டுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதற்கு ஜமைக்காவின் அனுபவமே சான்று.

1986-87-இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் சென்றனர். வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, குழந்தையுடன் எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்மார்களுக்குக் காட்டினர். அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அக்குழந்தைகளின் வருவாய் அத்தகைய வாய்ப்புப் பெறாதவர்களின் வருவாயைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த வீடுகளுக்குச் சென்றவர்கள் உளவியல் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற எளிய பெண்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. குழந்தை கையை நீட்டும்போது அப்பொருளின் பெயரைச் சொல்வது, மழலைக்கு மறுமொழி கூறுவது, கிண்ணங்களை அடுக்கிக் கலைப்பது, புளியங்கொட்டைகளைக் கண்ணெதிரே வைத்து எண்ணிக் காட்டுவது ஆகியவையே அறிவை வளர்க்கும் செயல்கள். வாரம் இரண்டு மணி நேர வகுப்பைவிட, நாள்தோறும் உடனிருப்பவரின் பேச்சே குழந்தையை உருவாக்குகிறது. வட்டார வழக்கு குழந்தையைக் கெடுப்பதில்லை. மௌனமும் கைப்பேசித் திரையுமே அதன் வளர்ச்சிக்குத் தடை.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால், பிறர் வீட்டில் குழந்தை வளர்க்கும் பெண் அதன் வரம்புக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்மணிக்கும் மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான். அங்கன்வாடி மூடிய பின், மாலை வரை அவன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் காத்திருப்பான் என்பதை நாங்கள் வெகுநாள் கேட்கவே இல்லை.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளை நமக்குத் தந்தது. அவற்றை மாலை வரை இயங்கச் செய்வதும், அங்குள்ள பணியாளர்களுக்கும் வீட்டு ஆயாக்களுக்கும் குறுகிய காலப் பயிற்சியும் நியாயமான ஊதியமும் அளிப்பதும் எட்டாக் கனியல்ல.

நாங்கள் அந்த வகுப்பை நிறுத்தினோம். அந்தத் தொகையை அவருடைய ஊதியத்தில் சேர்த்தோம்; மாலை நான்கு மணிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினோம். நான்காவது கட்டளையாக, "நிறையப் பேசுங்கள் அம்மா" என்று வேண்டிக்கொண்டேன். இன்று என் பேத்தி ஓயாமல் பேசுகிறாள். அந்தப் பெண்மணியின் ஊர் வழக்கும் அதில் கலந்திருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், தாமதமாகவேனும் ஒரு கணக்கைச் சரிசெய்த நிறைவு எனக்கு.