640 ரூபாயின் பயணம்

மாதம் 16,000 ரூபாய் வாங்கும் தூய்மைப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், 520 ரூபாய் போடுகிறார். மொத்தம் 640. இந்தச் சிறு தொகை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், அவர் நோயில் படுக்கும்போது ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் உண்டு.

வேலையில் விபத்து என்றால் காத்திருப்பே கிடையாது. சேர்ந்த முதல் நாளே இயந்திரத்தில் கை போனாலும் இழப்பீடு உண்டு. உயிரே போனால், சம்பளத்தில் 90 சதவீதம் சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் பங்கிட்டுத் தரப்படும்.

எப்படிக் கட்டுப்படியாகிறது? கோடிக்கணக்கானோரின் பணம் ஒரே நிதியில் சேர்கிறது. வயதானவர், நோயாளி, பெரிய குடும்பக்காரர் என்று யாரிடமும் கூடுதலாகக் கேட்பதில்லை. பங்கு சம்பளத்தைப் பொறுத்தது. சிகிச்சை நோயைப் பொறுத்தது. பேராசிரியர் அடர்கர் 1944-இல் தந்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் இது. இன்று 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குவோருக்குப் பொருந்தும்.

ஒப்பந்தத் தொழிலாளருக்கு இது எட்டுகிறதா? வேலை ஒரு நிறுவனத்தில். சம்பளம் தருபவர் காண்ட்ராக்டர். 'அவரைக் கேள்' என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வசதியான இடைவெளி. சட்டம் அதை அடைத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆளுக்கும் இரு பங்கையும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளியே, அதாவது வேலை நடக்கும் நிறுவனமே. பிறகு காண்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்ளலாம். பில் பணம் பெறுமுன் காண்ட்ராக்டர் ஆட்களின் பதிவேட்டைத் தர வேண்டும். பங்கைக் கட்டாமல் அடுத்த மாதம் 15-ஆம் தேதி தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதன்மேல் அபராதத் தொகையும் விதிக்கலாம். முதலாளி தன் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் கைவைத்து எடுக்கக் கூடாது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்தப் பொறுப்பை முதன்மை முதலாளி மேலேயே வைக்கிறது.

ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அது நடைமுறையில். நோய்க்காலப் பணம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்கு கட்டியிருக்க வேண்டும். டெண்டர் மாறுகிறது. ஆள் அதே ஆள், வேலை அதே வேலை. புதுக் காண்ட்ராக்டர் பழைய காப்பீட்டு எண்ணைக் கேட்காமல் புது எண் போடுகிறார். பழைய எண்ணில் 40 நாள், புதிய எண்ணில் 45 நாள். சேர்த்தால் 85, தனித்தனியே பார்த்தால் எதுவும் 78 இல்லை. உழைத்த நாளெல்லாம் கணக்கில் சிதறிப்போகிறது. இது அநியாயம். ஒரே ஒரு கேள்வியில் தவிர்க்கக்கூடிய அநியாயம்.

அந்தப் பத்து இலக்க எண் ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒன்றுதான். காண்ட்ராக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் அது மாறாது. புது இடத்தில் சேரும்போது அந்த எண்ணையே கொடுங்கள். 120 ரூபாய் பிடித்த மாதத்தில் உங்கள் பெயரில் பணம் ஏறியிருக்கிறதா என்று ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பாருங்கள். ஏறவில்லையென்றால் காண்ட்ராக்டரோடு நிற்காமல், நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தையே கேளுங்கள்.