கராத்தே பிறந்த தீவு: வித்தை வளர்ந்தது, தாய்மொழி தேய்ந்தது

"இச்சி! நி! சான்!"

கராத்தே வகுப்பு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனால் இந்தக் குரல் கேட்கும். வெள்ளை உடை அணிந்த சிறுவர் சிறுமியர் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குத்து! "ஒன்று, இரண்டு, மூன்று" என்பதைத்தான் ஜப்பான் மொழியில் இப்படிச் சொல்கிறார்கள். சென்னை ஆனாலும் சரி, லண்டன் ஆனாலும் சரி, கராத்தே வகுப்பில் பெரும்பாலும் இந்த எண்கள்தாம்.

ஆனால், கராத்தே பிறந்த தீவின் சொந்தப் பேச்சில் எண்கள் வேறு. அங்கே ஒன்றுக்கு "தீச்சி". இரண்டுக்கு "தாச்சி". மூன்றுக்கு "மீச்சி". இந்த எண்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தத் தீவிலேயே குறைந்து வருகிறார்கள். வித்தை உலகத்தைச் சுற்றி வந்தது. அதைப் பெற்ற மொழி வீட்டுக்குள்ளேயே மெலிந்து போயிற்று. இது எப்படி நேர்ந்தது?

கடல் நடுவே ஒரு ராஜ்யம்

ஜப்பானுக்கும் தைவானுக்கும் நடுவே கடலில் பூமாலை போல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுள் பெரியது ஒக்கினாவா. 1429-ம் ஆண்டு முதல் அது தனி ராஜ்யமாக விளங்கியது. ரியுக்யு ராஜ்யம் என்று பெயர். சீனா, ஜப்பான், கொரியா, சயாம் என்று பல தேசங்களோடு அந்த ராஜ்யத்துக்கு வாணிபம் உண்டு.

கப்பலில் சரக்கு மட்டுமா வரும்? வித்தையும் வரும். தீவு மக்கள் தங்களுக்கென்று ஒரு கைச்சண்டை வித்தை வைத்திருந்தார்கள். அதற்கு "தீ" என்று பெயர். நம் தீ அல்ல. அவர்கள் பேச்சில் "கை" என்று பொருள். அதோடு சீனத்து வித்தையும் கலந்தது. அதனால் "சீனக் கை" என்ற பெயரும் வழங்கியது.

ஷூரி, நாஹா, தோமாரி என்ற மூன்று ஊர்களில் இந்த வித்தை தழைத்தது. ஷூரி அரசர் கோட்டை இருந்த ஊர். மற்ற இரண்டும் துறைமுகங்கள். குடியானவர்கள் மட்டுமே இதை வளர்த்தார்கள் என்று கதை சொல்வார்கள். ஆனால் பெயர் பெற்ற ஆசான்களில் பலர் அரண்மனையைச் சார்ந்த குடும்பத்தினர். அவர்கள் இரவில், வேலி மறைவில், நம்பிக்கைக்கு உரிய சிலருக்கு மட்டுமே கற்றுக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் நடந்த இரண்டு காரியங்கள்

1879-ம் ஆண்டு ஜப்பான் அரசு ரியுக்யு ராஜ்யத்தை ஒழித்தது. அரசர் டோக்கியோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தீவு ஜப்பானின் ஒரு மாகாணம் ஆயிற்று. பள்ளிக்கூடங்களில் ஜப்பான் மொழியே பாடமொழி ஆயிற்று.

அந்தக் காலப் பள்ளிகளில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, நல்ல காரியம். இத்தோசு என்ற முதிய ஆசான், ரகசியமாக இருந்த வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டார். 1901-ம் ஆண்டு வாக்கில் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் இது பாடமாகச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஏற்றவாறு எளிய பயிற்சி வரிசைகளை அவர் அமைத்தார். இப்படி வரிசையாகச் செய்யும் அடவுகளுக்குக் "கட்டா" என்று பெயர்.

மற்றொன்று, மனத்தைப் புண்படுத்தும் காரியம். பள்ளியில் ஒரு பிள்ளை தீவின் தாய்மொழியில் பேசினால், அதன் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டி விடுவார்கள். வேறொரு பிள்ளை அப்படிப் பேசும்போது கண்டுபிடித்தால்தான் பலகை கழுத்து மாறும். ஒரு பிள்ளையே இன்னொரு பிள்ளையைக் காட்டிக் கொடுக்க வேண்டும்! பிள்ளைகள் தாய்மொழியைக் கண்டு கூசத் தொடங்கினார்கள்.

கை வளர்ந்தது. நாக்கு கட்டப்பட்டது.

டோக்கியோ போன வாத்தியார்

ஷூரியில் பிறந்த புனாக்கோஷி பள்ளி ஆசிரியர். 1922-ம் ஆண்டு டோக்கியோவில் உடற்பயிற்சிப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அதில் தீவின் வித்தையைக் காட்ட அவர் சென்றார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ அவரைத் தம்முடைய பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து, வித்தையைச் செய்து காட்டச் சொன்னார். பார்த்தவர்கள் வியந்தார்கள். புனாக்கோஷி டோக்கியோவிலேயே தங்கி விட்டார். கையில் காசில்லை. ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் தரை பெருக்கி, தோட்ட வேலை செய்து, காவல் காத்துக் கொண்டே வித்தையைக் கற்பித்தார்.

இன்று நாம் காணும் வெள்ளை உடையும், கறுப்பு பெல்ட்டும் கராத்தேயின் பூர்வ சொத்து அல்ல. ஜூடோவைப் பார்த்து எடுத்துக் கொண்டவை. கூடத்தில் நுழையும்போதும், எதிராளி முன் நிற்கும்போதும் தலை வணங்க வேண்டும். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது. இவை புனாக்கோஷி வற்புறுத்திய ஒழுக்கங்கள்.

பெயர் மாறிய கதை

தமிழில் "ஆறு" என்றால் எண்ணும் உண்டு; நதியும் உண்டு. அதுபோல ஜப்பான் மொழியில் "கரா" என்ற ஒலிக்கு இரண்டு பொருள். ஒன்று "சீனம்", இன்னொன்று "வெறுமை". எழுத்தில் மட்டும் வேற்றுமை தெரியும். ஆகவே "சீனக் கை" என்று எழுதினாலும், "வெறுங்கை" என்று எழுதினாலும், வாயால் படிக்கும்போது "கராத்தே"தான்.

1930-க்குப் பின் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பகை மூண்டது. சீனத்தின் பெயரைத் தாங்கிய வித்தை ஜப்பானில் எடுபடுமா? புனாக்கோஷி "வெறுங்கை" என்றே எழுதலானார். ஆயுதம் இல்லாத கை. கெட்ட எண்ணம் இல்லாத வெறும் மனம். இதுதான் அதற்கு அவர் சொன்ன விளக்கம்.

கட்டாக்களின் பெயர்களும் மாறின. சீன அதிகாரி ஒருவர் பெயரால் வழங்கிய "குஷாங்கு", "வானை நோக்குதல்" என்று பொருள்படும் "கான்கு" ஆயிற்று. "நைஹாஞ்சி" என்பது "இரும்புக் குதிரை" என்று பொருள்படும் "தெக்கி" ஆயிற்று. டோக்கியோ மக்கள் வாயில் எளிதாக நுழைந்தது. தீவின் பழைய ஒலி மறைந்தது.

ஒக்கினாவாவில் மனவருத்தம் இல்லாமல் இல்லை. 1936-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, நாஹா நகரில், அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றின் ஏற்பாட்டில் ஆசான்கள் கூடிப் பேசினார்கள். முடிவில் "வெறுங்கை" என்ற பெயரையே ஏற்றார்கள். அந்த நாளைத்தான் 2005-ம் ஆண்டு ஒக்கினாவா சட்டசபை "கராத்தே தினம்" என்று அறிவித்தது.

போர் தின்ற தீவு

1945-ம் ஆண்டு உலக யுத்தம் ஒக்கினாவா மண்ணிலேயே நடந்தது. தீவு மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டனர். ஷூரி கோட்டை தரைமட்டம் ஆயிற்று. அந்த நேரத்தில் ஜப்பான் ராணுவம் ஓர் உத்தரவு போட்டது. ஒக்கினாவாப் பேச்சில் பேசுகிறவர் ஒற்றராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார்! பாட்டி பேத்தியிடம் பேசும் மொழி குற்றமாகி விட்டது.

யுத்தம் முடிந்து 1972 வரை தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கே முகாமிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் கராத்தே கற்றார்கள். ஊர் திரும்பிக் கூடங்கள் திறந்தார்கள். வித்தை கடல் தாண்டி ஓடியது. தாய்மொழியோ வீட்டு மூலையில் ஒதுங்கியது. அவமானம் கண்ட பெற்றோர், தங்கள் பிள்ளைகளிடம் ஜப்பான் மொழியிலேயே பேசினார்கள்.

2009-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம், அழியும் நிலையில் உள்ள உலக மொழிகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒக்கினாவா மொழியும், பக்கத்துத் தீவுகளின் மொழிகளுமாக ஆறு மொழிகள் இடம் பெற்றன.

கூடத்தில் ஒளிந்த சொற்கள்

ஆனாலும் முற்றும் போய்விடவில்லை. ஒக்கினாவாவின் பழைய கராத்தே கூடங்களில் சில சொற்கள் இன்னும் புழங்குகின்றன. "காமக்கு" என்றால் இடுப்பு. அடியின் பலம் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். "முச்சிமி" என்றால் பசை போன்ற பிடிப்பு. எதிராளியின் கையை விடாமல் ஒட்டிக் கொள்ளும் தன்மை. "சின்குச்சி" என்றால் தசையும் எலும்பும் ஒரு கணத்தில் இறுகித் தரும் வலிமை. இவற்றை ஒரே சொல்லில் மொழிபெயர்ப்பது கடினம். செய்து காட்டித்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் விரட்டப்பட்ட மொழிக்குப் பயிற்சிக் கூடத்தில் ஓர் இடம் கிடைத்தது!

2021-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் கட்டாப் போட்டியில் தங்கம் வென்றவர் ஒக்கினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ. ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஒக்கினாவாக்காரர் அவரே. மேடை ஏறும்போது மறைந்த தம் தாயின் படத்தைக் கையில் ஏந்தி நின்றார்.

தாய்மொழிக்கும் தீவு மக்கள் ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். அது செப்டம்பர் 18. "குத்துபா" என்றால் அவர்கள் பேச்சில் "சொல்". ஒன்பதுக்குக் "கு"; பத்துக்குத் "து"; எட்டுக்குப் "பா". ஒன்பதாம் மாதம், பத்தும் எட்டும் கூடிய பதினெட்டாம் தேதி! 2006-ம் ஆண்டு இதற்குச் சட்டமே செய்தார்கள்.

"வெறுங்கை" என்று பெயர் பெற்ற வித்தை உலகத்துக்கே சொத்தாகி விட்டது. அதைப் பெற்ற தாய்மொழி வெறுங்கையோடு போய்விடக் கூடாது என்பதே அந்தத் தீவின் முதியோர் கவலை. பலகையைக் கழற்றி எறிந்தாகி விட்டது. இனிப் பேரப்பிள்ளைகள் வாய் திறந்து "தீச்சி, தாச்சி, மீச்சி" என்று எண்ண வேண்டும். அது வீட்டில் தொடங்க வேண்டிய பயிற்சி.